முந்நூற்றில் நாற்பத்தொன்று

ப்ரூன்ஃப்லோ கல்குவாரியில்
லாரிகளை எடை போடுகிறவள் நான்.
சுமை எடை, காலி எடை,
கழித்தால் கல்.
பதினொரு வருடமாக இந்தக் கழித்தல்தான்.

தேவாலயத்து மலிவுச் சந்தையில்
ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணிக்கு அடியில் கிடந்தது
அந்த இசைத்தட்டு.
உறையில் மூடிய மதகு ஒன்றின் படம்.
மூலையில் பென்சிலால்
முந்நூற்றில் நாற்பத்தொன்று.
வருடத்தைப் பார்த்தேன்: போன வருடம்.
போன வருடமா!
இப்படி வாசிக்கிறவர்கள் எல்லாரும்
என் அப்பாவின் தலைமுடியோடு
போய்விட்டார்கள் என்றல்லவா இருந்தேன்.
இருபது குரோனர் கொடுத்தேன்.

ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு,
இருபத்திரண்டு நிமிடம்.
ஐந்து நிமிடம் வரை யாரும் வாய் திறக்கவில்லை.
ஆறாவதில் ஒருவன் பாடினான்.
பாடாமலே இருந்திருக்கலாம்.
பொய் சொல்வானேன், அணைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை
ரூனேயின் லாரி எடைமேடை ஏறியது.
முன்வண்டிக்கு மூன்று அச்சு
பின்வண்டிக்கு நான்கு.
இரும்புப் பலகையின் விளிம்பில்
டக் டக் டக்
கொஞ்சம் இடைவெளி
டக் டக் டக் டக்.
ரசீது நீட்டிய கை அப்படியே நின்றது.
இத்தனை வருடம் என் காலுக்கடியில்
ஓடிக்கொண்டிருந்ததைத்தான்
யாரோ நான்கு பேர்
இருபத்திரண்டு நிமிடத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

அன்று இரவும் கேட்டேன், அடுத்த ஒன்பது இரவும்.
பதினாலாவது நிமிடத்தில்
ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்கிறது
நின்றுகொண்டே இருக்கிறது
நடுவில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது
காலடிச் சத்தம் விலகிப் போகிறது.

இன்னொரு பிரதி வேண்டும், தம்பிக்கு, என்று
உறையில் இருந்த முகவரிக்கு எழுதினேன்.
தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டுகிறதாம்.
அதனால் சொலெஃப்தேயோவிலிருந்து
நூற்றெழுபது கிலோமீட்டர்
காரோட்டிக்கொண்டே வந்துவிட்டான்
டிரம்ஸ் வாசிக்கும் சிக்ஸ்டன்.
பகலில் பொய்ப்பல் செய்கிறவன்.
பெட்ரோல் கணக்கை நான் கேட்கவில்லை
அவனும் போட்டிருக்க மாட்டான்.

பிடித்ததா என்று கேட்கவில்லை.
எங்கே அலுத்தது என்றான்.
ஆறாவது நிமிடம்.
"அங்கே பாடுகிறது நான்தான்."
காபியை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
அந்த நாற்காலி?
"குன்வோர். அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்கிற வாசனை.
ஆர்கன் கட்டைமேல்
மீன் ஊறுகாய்ப் புட்டியை வைத்துவிட்டு எழுந்து ஓடினாள்.
அந்தச் சுரத்தை வாசிப்பது புட்டி.
திரும்ப எடுத்துப் பார்த்தோம், நாலு தடவை.
கையால் வாசித்தால் அப்படி வரவில்லை."

தொழில்புத்தி போகுமா?
புட்டி எத்தனை கிராம் என்று கேட்டேன்.
தெரியவில்லை அவனுக்கு.

இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு
கட்டிலுக்கடியில் இருக்கின்றன என்று
காரில் ஏறும்போதுதான் சொன்னான்,
முதுகுவலியைச் சொல்வதுபோல்.
பத்து இறக்கிவைக்கச் சொன்னேன்.

ரசீது கொடுக்கும் ஜன்னலில் அடுக்கினேன்.
ஓசியில் கொடுத்தால் உறைகூடப் பிரிக்க மாட்டார்கள்,
அதனால் நூறு குரோனர், கறாராக.
உள்ளே ஒரு சீட்டு,
அதிலுள்ள எண்ணைப் போனில் தட்டினால்
லாரியிலும் கேட்கலாம்.

ரூனே மறுநாளே திருப்பித் தந்தான்:
"இதில் பாட்டு எங்கே இருக்கிறது?"
ஆர்விட்டின் மனைவிக்கு மதகுப் படம் பிடித்துப்போய்ச்
சமையலறையில் மாட்டிவிட்டாளாம்.
மரம் ஏற்றும் பெரித் மட்டும்
நள்ளிரவில் கூப்பிட்டாள்:
"திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன், உன்னால்.
நாற்பத்தைந்து டன்னோடு எங்கே போய்த் திருப்புவது?"
திட்டி முடித்துவிட்டு
"மறுபக்கத்தில் என்ன இருக்கிறது?" என்றாள்.

ஆயிரம் குரோனரை அனுப்பிவைத்தேன்
(ரூனேயின் நூறு என்னுடையது).
மூன்று வாரம் கழித்து ஓர் உறை வந்தது,
பழக்கமில்லாத கையெழுத்து.
இரண்டே சொல்:
"அறுநூற்று நாற்பது. மீனோடு."

அது சுமை எடை.
காலி எடை கேட்டு
எழுதியிருக்கிறேன்.